கருவறை இரகசியமும் ஒரு சிறு மீனும்



எங்கள் பிரசவ வார்டில் அடிக்கடி ஒரே கேள்வி எங்களை எதிர்கொள்கிறது. உதடு பிளந்தோ, இருதயத்தில் துவாரத்தோடோ, முதுகெலும்பு மூடாமலோ ஒரு குழந்தை பிறந்திருக்கும். தாய் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். நாங்கள் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும், "ஐயா, நான் என்ன பாவம் செஞ்சேன்?" என்பாள். அவள் கேட்காவிட்டால் வராந்தாவில் நிற்கும் மாமியார் தாமே பதிலும் சொல்லிவிடுவார்: "கிரகணத்தன்னிக்கு வெளியே போகாதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டாளா இவ?"

பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்களும் ஏறக்குறைய இதையே ஆண்டவரிடம் கேட்டார்கள். இவனுடைய பாவமுமல்ல, பெற்றோருடைய பாவமுமல்ல என்பது அவருடைய பதிலின் பொருள். அந்த அதிகாரத்துக்கு வேதசாஸ்திரக் கல்லூரியில் எத்தனையோ விளக்கங்கள் படித்தோம். ஆனால், "அப்படியானால் ஏன் இப்படி ஆயிற்று?" என்று அந்தத் தாய் அடுத்து கேட்கும்போது சொல்வதற்கு எங்களிடம் வெகுகாலம் ஒன்றும் இருக்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்துவிட்டு எழுந்து வருவோம்.

சென்ற மடல் ஒன்றில், பிறவிக் குறைகளின் காரணத்தை விஞ்ஞானிகள் மீன்களிடமிருந்தும் கற்று வருகிறார்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தோம். உங்களில் பலர் விளக்கம் கேட்டு எழுதினீர்கள். ஒரு மூத்த சகோதரர், மீனுக்கும் மிஷன் ஆஸ்பத்திரிக்கும் என்ன சம்பந்தம் என்று சற்றுக் கோபமாகவே கேட்டிருந்தார். எங்கள் மருத்துவமனையில் மீன் தொட்டி எதுவும் இல்லை; உங்கள் காணிக்கையில் ஒரு ரூபாயும் மீனுக்குப் போகவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறோம். ஆயினும் சம்பந்தம் உண்டு. எங்கள் குழந்தை மருத்துவரிடம் பல மாலை வேளைகள் உட்கார்ந்து கேட்டும், படித்தும் அறிந்ததை இங்கே எழுதுகிறோம்.

அந்த மீனுக்கு ஜீப்ரா மீன் என்று பெயர். மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளம்; உடலில் தலையிலிருந்து வால் வரை நீல வரிகள். சென்னை கொளத்தூரில் வண்ணமீன் விற்கும் கடைகளுக்குப் போனவர்கள் நிச்சயம் பார்த்திருப்பார்கள். இது நம் நாட்டு மீன். கங்கை, பிரம்மபுத்திரா பகுதிகளின் ஓடைகளிலும் வயல் வாய்க்கால்களிலும் வாழ்வது. இதை முதன்முதல் விவரித்து எழுதியவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஸ்காட்லாந்து மருத்துவர் பிரான்சிஸ் புக்கானன். 1800-ல் சென்னையிலிருந்து மைசூர் வழியாக மலபார் வரை பயணம் செய்து புத்தகம் எழுதினாரே, அவரேதான். பிற்காலத்தில் ஹாமில்டன் என்று பெயரை மாற்றிக்கொண்டு, 1822-ல் கங்கையின் மீன்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார்; அதில் இந்தச் சிறு மீனும் இடம்பெற்றது.

இதன் முட்டைதான் விசேஷம். கோழிக் கருவைப் பார்க்க ஓட்டை உடைக்க வேண்டும். எலியின் கரு தாயின் வயிற்றுக்குள் மறைந்திருக்கிறது. இந்த மீனோ விடியற்காலை வெளிச்சம் பட்டதும் நூறு இருநூறு முட்டைகளைத் தண்ணீரில் இட்டுவிடுகிறது. கரு தாய்க்கு வெளியே, தண்ணீரில் வளர்கிறது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அந்த முட்டை கண்ணாடி போலத் தெளிவாயிருக்கும். மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்தால் சிருஷ்டிப்பின் வேலை கண்முன்னே நடக்கிறது.

ஏறக்குறைய முக்கால் மணி நேரத்தில் ஒரு செல் இரண்டாகிறது. பிறகு கால் மணிக்கொரு தரம் இரண்டு நான்காகி, நான்கு எட்டாகி, மூன்று மணி நேரத்தில் ஆயிரம் செல்களாகிறது. பத்தாவது மணிக்குள் தலை எந்தப் பக்கம், வால் எந்தப் பக்கம், முதுகு எது, வயிறு எது என்று ஒழுங்காகிவிடும். ஒரு முழு நாள் கழித்துப் பார்த்தால் கண் தெரிகிறது, இருதயம் துடிக்கிறது. இரண்டாம் நாள் இரத்தம் ஓடுவதைக் காணலாம். ஐந்தாம் நாள் குஞ்சு நீந்தி இரை தேடுகிறது. எங்கள் டாக்டர் இதை ஒரு படச்சுருளாகக் காட்டியபோது, மூன்று பிள்ளைகளுக்குத் தாயான எங்கள் தலைமை நர்ஸ் வாய்பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

நம் குழந்தைகளும் இதே வரிசையில்தான் உருவாகிறார்கள், வேகம்தான் வேறு. மனிதக் கருவில் இருதயம் துடிக்கத் தொடங்குவது ஏறத்தாழ 22-ஆம் நாளில். பல தாய்மாருக்குத் தாங்கள் கருவுற்றதே அப்போது தெரிந்திருக்காது. மேலுதடு ஏழாவது வாரத்துக்குள் கூடி முடிந்துவிடுகிறது. ஐந்தாம் மாதத்தில் வந்த கிரகணம், இரண்டாம் மாதத்திலேயே உருவாகி முடிந்த உதட்டை எப்படிப் பிளக்கும்? மாமியார்களிடம் இந்தக் கணக்கை நாங்கள் விரல்விட்டு எண்ணிக் காட்டுவதுண்டு. எல்லாரும் ஒப்புக்கொள்வதில்லை.

இந்த மீனை ஆராய்ச்சிக்கூடத்துக்குள் கொண்டுவந்த பெருமை ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் என்பவருக்கு உரியது. ஹங்கேரியில் புடாபெஸ்ட் நகரில் 1927-ல் பிறந்த யூதர். நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி அவர் குடும்பம் அமெரிக்கா வந்து சேர்ந்தது. ஒரேகான் பல்கலைக்கழகத்தில், பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களை ஆராய்ந்து பெயர்பெற்றிருந்தவர், முதுகெலும்புள்ள பிராணியின் வளர்ச்சியை அறியவேண்டும் என்று விரும்பி, கடையில் விற்கும் இந்த மீனைத் தேர்ந்தெடுத்தார். தந்தையின் பங்கே இல்லாமல், தாயின் மரபை மட்டும் இரட்டிப்பாக்கிக் குஞ்சுகளை உண்டாக்கும் வழியை 1981-ல் அறிவித்தார். 1984-ல் திடீரென மரித்துப்போனார். ஒரேகானில் இருந்த அவருடைய சகாக்கள் அந்த வேலையைக் கைவிடவில்லை.

பிறகு ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்டு அம்மையார் இந்த மீனைக் கையில் எடுத்தார். ஏற்கெனவே அவரும் எரிக் வீஷாஸும் பழ ஈக்களை வைத்து, கருவை ஒழுங்குபடுத்தும் ஜீன்களைக் கண்டுபிடித்திருந்தார்கள். அதற்காக 1995-ல் எட்வர்ட் லூயிஸோடு சேர்த்து அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஈயில் செய்ததை மீனில் செய்ய முடியுமா என்பது அம்மையாரின் அடுத்த கேள்வி. சுமார் 7,000 தொட்டிகளோடு ஒரு மீன் வீடே கட்டினார்கள். பாஸ்டன் நகரில் வோல்ஃப்காங் ட்ரீவரின் குழுவும் இதே முயற்சியில் இறங்கியது. (இந்த அம்மையார் 2004-ல் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். கைக்குழந்தைகளை வைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்யும் இளம் பெண்களுக்கு, பிள்ளை பார்த்துக்கொள்ளவும் வீட்டு வேலைக்கும் ஆள் வைக்கப் பணம் கொடுப்பது அதன் வேலை. காணிக்கை கொடுக்கிறவர்களான உங்களுக்கு இது பிடிக்கும் என்று எண்ணி எழுதுகிறோம்.)

அவர்கள் செய்த முறையைச் சற்றுப் பொறுமையாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். எங்கள் வார்டின் கேள்விக்குப் பதில் இதில்தான் இருக்கிறது.

ஜீன் எனப்படும் மரபணு ஒவ்வொன்றிலும் நமக்கு இரண்டு பிரதிகள் உண்டு: தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. ஒன்று பழுதானாலும் பெரும்பாலும் மற்றது வேலையைச் சமாளித்துவிடும். ஆண் மீன்களை ஒரு இரசாயனம் கலந்த தண்ணீரில் விட்டால் அவற்றின் விந்தில் அங்கங்கே எழுத்துப்பிழை போலப் பழுதுகள் ஏற்படுகின்றன. அந்த மீனின் பிள்ளைகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு பழுதுகளை ஒரு பிரதியில் சுமந்துகொண்டு பிறக்கும். பார்வைக்கு யாதொரு குறையும் இராது. பேரப்பிள்ளைகளில் பாதிக்குப் பாதி அந்தப் பழுது இறங்கும். அவையும் மற்ற மீன்களைப் போலவே சுகமாக நீந்தும். எது சுமக்கிறது, எது சுமக்கவில்லை என்று எந்த விஞ்ஞானியாலும் பார்த்துச் சொல்ல முடியாது.

அந்தப் பேரப்பிள்ளைகளில் உடன்பிறந்தவைகளை ஜோடி சேர்த்தால்தான் மறைந்திருந்தது வெளிப்படும். இரண்டுமே பழுதைச் சுமப்பவையாக அமைந்தால், அவற்றின் குஞ்சுகளில் நான்கில் ஒன்றுக்கு இரண்டு பிரதிகளும் பழுதாய் வந்து சேரும். அந்தக் குஞ்சில்தான் குறை தெரியும். இப்படி டூபிங்கனில் இரண்டாம் நாள், மூன்றாம் நாள், ஆறாம் நாள் என்று மைக்ராஸ்கோப்பின் கீழே குஞ்சுகளை ஒவ்வொரு கூட்டமாகப் பார்த்து, 4,264 மாற்றங்களைக் குறித்தார்கள். பொதுவான நலிவாய்த் தெரிந்தவற்றைத் தள்ளிவிட்டு 1,163-ஐ வைத்துக்கொண்டார்கள். அவற்றில் 894 மாற்றங்கள் 372 ஜீன்களைச் சேர்ந்தவை என்று தெரியவந்தது. டூபிங்கன், பாஸ்டன் குழுக்களின் முடிவுகளை ஓர் அறிவியல் இதழ் 1996 டிசம்பரில் 37 கட்டுரைகளாக ஒரே இதழில் வெளியிட்டது.

மாற்றங்களுக்கு அவர்கள் வைத்த பெயர்கள் வேடிக்கையானவை. வாலில்லாத குஞ்சு 'வாலில்லாதது'. நெற்றியில் ஒற்றைக் கண்ணோடு பிறந்ததற்கு ஒற்றைக் கண் அரக்கனின் பெயர். இருதயமே துடிக்காதது 'மௌன இருதயம்'. இரத்தம் வெளுத்துப்போன குஞ்சுகளுக்கு வரிசையாக மதுபானங்களின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். மதுவிலக்குச் சங்கத்தார் மன்னிக்க வேண்டும். இந்த 'மௌன இருதயம்' எங்களை வெகுவாக யோசிக்கவைத்தது. மனிதக் கருவில் இருதயம் துடிக்காவிட்டால் அத்தோடு முடிந்தது. ஆராய்வதற்கு ஒன்றும் மிஞ்சாது. இந்தக் குஞ்சோ மிகச் சிறியது. ஆகவே முதல் சில நாட்கள் பிராணவாயு தண்ணீரிலிருந்து நேராக உடலுக்குள் ஊறிவிடுகிறது. இரத்த ஓட்டமே இல்லாமல் அது பல நாள் பிழைத்திருக்க, என்ன கெட்டுப்போயிற்று என்று பார்க்க அவகாசம் கிடைக்கிறது. 2002-ல் அதன் ஜீனைக் கண்டுபிடித்தார்கள். இருதயத் தசை சுருங்குவதற்குத் தேவையான ஒரு புரதத்தின் ஜீன் அது. நம்மில் சிலருக்கு இருதயத் தசை தடித்துப்போகும் பரம்பரை வியாதிக்கு இதே ஜீனின் பழுது ஒரு காரணம்.

வெளுத்த இரத்தத்தின் கதையையும் சொல்லவேண்டும். ஜெர்மானியத் திராட்சமது ஒன்றின் பெயர்கொண்ட அந்தக் குஞ்சுக்கு இரும்புச்சத்து போதாமல் சோகை. மஞ்சள் கருவில் இரும்பு நிறைய இருந்தும் இரத்தத்துக்கு வந்து சேரவில்லை. இரும்பை ஊசி மூலம் நேரே இரத்தத்தில் செலுத்தினால் இரத்தம் சிவந்தது. ஆகவே இரும்பு வெளியேறும் வாசல் அடைபட்டிருக்கிறது என்று ஊகித்து, பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் லெனார்ட் ஸான் குழுவினர் 2000-ல் அந்த வாசலின் ஜீனைப் பிடித்துவிட்டார்கள். அதே ஆண்டில் வேறு இரு குழுக்களும் வேறு வழிகளில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தன. மறு ஆண்டே, உடலில் இரும்பு அளவுக்கு மீறிச் சேரும் நோய் பரம்பரையாய் வந்த இத்தாலிய, டச்சுக் குடும்பங்களில் அதே ஜீனில் பழுது காணப்பட்டது. நம் குடலில் இரும்பை இரத்தத்துக்குள் விடுவதும் இதே வாசல்தான். நாட்பட்ட நோய்களில் உடல் இந்த வாசலை மூடிவிடுகிறது. எங்கள் காசநோய் வார்டில் சிலருக்கு இரும்பு மாத்திரை கொடுத்தும் சோகை எளிதில் தீராததற்கு இது ஒரு காரணம் என்று டாக்டர் விளக்கினார்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வரிகள் வெளிறிய 'பொன்' மீன் ஒன்று வெகுகாலமாக ஆராய்ச்சிக்கூடங்களில் இருந்தது. 2005-ல் அதன் ஜீனைக் கண்டார்கள். அதற்குச் சமமான மனித ஜீனின் செய்தியைக் கருவுக்குள் செலுத்தியபோது வரிகள் கறுத்தன. மனிதரில் இந்த ஜீனில் ஒரே ஒரு எழுத்து மாறியிருப்பது தோலை வெளிறச் செய்கிறது. ஐரோப்பியரில் ஏறக்குறைய எல்லாரிடமும், நம் இந்தியரில் பலரிடமும் அது உண்டு. "சிவப்பான பெண்ணாக இருந்தால் சொல்லுங்கள் ஐயா" என்று எங்களிடம் வரன் கேட்டு வரும் தாய்மார் ஒரே ஒரு எழுத்துக்காகத்தான் இத்தனை பாடுபடுகிறார்கள்.

மீன் மனிதனல்ல. அதற்கு நுரையீரல் இல்லை, கர்ப்பப்பை இல்லை. 2013-ல் அதன் மரபுத்தொகுதி முழுவதும் வெளியானபோது, மனித ஜீன்களில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்கு மீனில் இணை உண்டென்று கண்டார்கள். மீதிக்கு மீனிடம் பதில் தேட முடியாது. எல்லாப் பிறவிக் குறையும் ஜீனால் வருவதுமல்ல. கர்ப்பகாலத்தில் தாய்க்கு வரும் ருபெல்லா அம்மை, கட்டுப்படாத சர்க்கரை நோய், சில மருந்துகள் இவையும் காரணம். முதுகெலும்பு மூடாத குழந்தையை ஒருமுறை பெற்ற தாய்மார், அடுத்து கருவுறுவதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் சாப்பிட்டால் அக்குறை மீண்டும் வருவது ஏறத்தாழ முக்கால் பங்கு குறைகிறது என்று 1991-ல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. எங்கள் மருந்தகத்தில் மிக மலிவான மாத்திரைகளில் அதுவும் ஒன்று. திருமண ஆலோசனைக்கு வரும் ஜோடிகளிடம் இதை நாங்கள் தவறாமல் சொல்லுகிறோம்.

குறையுள்ள குஞ்சுகளை வேண்டுமென்றே உண்டாக்கலாமா என்று ஒரு சகோதரி எழுதியிருந்தார். எங்களுக்கும் இதில் நெருடல் உண்டு. அந்தக் குஞ்சுகளில் பெரும்பாலானவை ஒரு வாரத்துக்குள் மடிகின்றன. ஆனால் நாங்கள் அடக்கம்பண்ணிய சிறு பெட்டிகளை நினைக்கும்போது, மீனைக் கொண்டாவது காரணத்தை அறிவது தகும் என்றே எங்களுக்குப் படுகிறது. மாறுபட்ட எண்ணமுள்ளவர்கள் எழுதுங்கள். அடுத்த மடலில் சேர்த்துக்கொள்ளுகிறோம்.

சென்ற ஆண்டு ஒரு குடும்பம் வந்தது. தாய்மாமனையே மணந்த பெண். மூத்த பையனுக்குப் பிறவியிலேயே காது கேளாது; இரண்டாவது கைக்குழந்தையையும் சோதனைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். டாக்டர் குழந்தையின் முதுகுப்புறம் நின்று மணி அடித்தார். அது தன் கால்விரலோடு விளையாடிக்கொண்டே இருந்தது.

டூபிங்கன் தொட்டிகளில் பிறந்த சில குஞ்சுகளும் இப்படித்தான். கிண்ணத்தின் விளிம்பைத் தட்டினால் மற்றவை துள்ளி ஓடும்; இவை அசையா. வட்டமிட்டோ தலைகீழாகவோ நீந்தும், ஏனென்றால் உட்காதில் கேள்விக்கும் சமநிலைக்கும் உதவும் மயிர் போன்ற செல்கள் சரியாக அமையவில்லை. அவற்றில் ஒன்றின் ஜீன் 2000-ல் தெரியவந்தபோது, சில குடும்பங்களில் பிறவிச் செவிட்டுக்குக் காரணமென்று ஏற்கெனவே அறிந்திருந்த ஜீனே அது. இந்தக் குழந்தைகளின் குறை அதுவோ வேறொன்றோ, இரத்தப் பரிசோதனைதான் சொல்லவேண்டும்.

தாய் எங்களிடமும் அந்தப் பழைய கேள்வியைக் கேட்டாள். நாங்கள் ஒரு காணிக்கைக் கவரின் பின்புறத்தில் இரண்டு பெரிய மீன்களும் நான்கு குஞ்சுகளும் வரைந்தோம். பெரிய மீன் இரண்டிலும் ஒரு பக்கம் மட்டும் புள்ளி வைத்தோம். நான்கு குஞ்சுகளில் ஒன்றுக்கு இரு பக்கமும். தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் ஜீன்களில் கால் பங்கு பொதுவாக இருக்கும் என்பதையும், அதனால் ஒரே புள்ளி இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு அதிகம் என்பதையும், இப்படிப்பட்ட புள்ளிகள் சில எங்களிடமும் டாக்டரிடமும் உலகத்தில் எல்லாரிடமும் உண்டு என்பதையும் சொன்னோம். புள்ளி யார் செய்த தப்புமல்ல, பழைய காலத்து எழுத்துப்பிழை என்றோம்.

அவள் அந்தக் கவரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப இவருகிட்டயும் இருக்குல்ல ஐயா? எங்கிட்ட மட்டும் இல்லையே?" என்றாள்.

"ரெண்டு பேர்கிட்டயும்தாம்மா" என்றோம்.

கணவன் கவரை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். ஊரில் அம்மாவுக்குக் காட்டவேண்டும் என்றான். இரு குழந்தைகளுக்கும் காது கேட்கும் கருவிக்கு அளவு எடுத்தாகிவிட்டது. மூத்தவன் ஜூன் மாதத்தில் பள்ளியில் சேர்ந்தான்.